மாமன் சீரும் வியன்னாச் செம்பும்

வயலில் பாம்பைக் கண்டால் ஒதுங்கத் தெரிந்த நம்மவர்களுக்கு, ஊருக்குள் வெள்ளை வேட்டியோடு நடமாடும் இன்னொரு பிராணியைக் கண்டால் ஒதுங்கத் தெரிவதில்லை. ‘விலை கேட்க வைப்பவர்’ என்று அதற்குப் பெயர் வைக்கலாம். உங்களுக்கும் அவரைத் தெரியும். கையில் ஒரு டார்ச் லைட்டோ, காலில் ஒரு செருப்போ, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோ, புதிதாக ஏதோ ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துவார். பொருளை உங்கள் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

“என்ன வெல இருக்கும், சொல்லுங்க பாப்போம்?”

மாட்டிக்கொண்டீர்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. கூட்டிச் சொன்னால், உங்களைப் போன்ற ஏமாளிகளால்தான் நாட்டில் விலைவாசி ஏறுகிறது என்று அரை மணி நேரம் பாடம் நடத்துவார். குறைத்துச் சொன்னால் முகம் கறுத்துவிடும்; உங்களுக்குத் தரம் தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லி வைப்பார். சரியாகவே சொல்லிவிட்டால்? பூதலூரில் ஒருவர் அப்படித்தான் ஒரு குக்கரின் விலையைத் தெரியாத்தனமாகச் சரியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தக் குக்கரின் சொந்தக்காரர்தான் கோவிந்தராசு. இரண்டு வேலி நஞ்சை, சொந்த டிராக்டர், வியன்னாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிரபு என்ற ஒரே மகன். எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கினால் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது. காப்பிப் பொடி வாங்கக் கும்பகோணம் போவார். போய், பெரிய கடைத்தெருவில் ஏழு கடை ஏறி இறங்கி, ஏழிலும் கொட்டையை முகர்ந்து, ஏழிலும் “பக்கத்துக் கடையில கொறச்சுத் தர்றான்” என்று சொல்லி, வெயிலில் மண்டை காய்ந்து, கடைசியில் எவனோ மூட்டையின் அடியில் கிடந்ததை வழித்துத் தள்ளிவிட, அதை வெற்றிக்கொடிபோல் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். அந்தக் காப்பியைக் குடிக்கிற பாவம் அவர் மனைவியுடையது. கோவிந்தராசுவுக்கு டாக்டர் காப்பி கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

பேரத்துக்கென்று ஒரு முகம் வைத்திருந்தார். ஆசையாகப் பார்த்தால் கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான் என்பது அவர் கொள்கை. ஆகவே கடைப் படியில் கால் வைத்ததுமே தோளைத் தொங்கவிடுவார். கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். பொருளை ஒற்றை விரலால் தொட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். சாவு வீட்டுக்கு வந்தவர் போலவே இருக்கும். சில கடைக்காரர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்ததுண்டு. அதையும் குடித்துவிட்டுப் பேரம் பேசுவார்.

இந்த மனிதருக்கு ஒரு தங்கை. பெயர் ஜெயபாரதி. கணவர் இறந்து ஆறு வருஷமாகிறது. அவளுடைய ஒரே பெண் வானதிக்குக் கும்பகோணத்தில் சம்பந்தம் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. சித்திரை முடிவில் கோவிந்தராசு மகனைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் அவள் அண்ணனைத் தேடி வந்தாள். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாற்று விடுவதற்குள் திரும்பிவிடுவதாக அவர் கணக்கு.

“அண்ணே, அவரு இருந்திருந்தா நான் ஒங்கள ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்” என்றாள். “சம்பந்தி வீட்டுக்காரங்க மூணு தலமொறையா பாத்திரக்கடை வச்சிருக்கவங்க. தாம்பாளத்த விரலால தட்டிப் பாத்தே எட சொல்லுவாங்க. அப்பன் இல்லாத பொண்ணு, மாமன் சீரு எப்படி வருதுன்னுதான் எல்லாரு கண்ணும் இருக்கும். நீங்க வைக்கிற செம்பு சபையில நிக்கணும். மத்ததுல எங்க வேணா மிச்சம் புடிங்கண்ணே. இந்த ஒரு சாமான மட்டும் கும்மோணத்துல நல்ல கடையில, கேட்ட வெல குடுத்து வாங்குங்க.”

“ஏன் தங்கச்சி, ஒங்கண்ணன் என்னிக்கி ஒனக்குக் கொறவா செஞ்சிருக்கேன்?”

அதற்கு ஜெயபாரதியிடம் ஒரு பட்டியலே இருந்தது. சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு விமானம் போய்விடும்.

வியன்னாவில் முதல் வாரம் அவருக்கு நரகம். எந்தப் பொருளிலும் விலை ஒட்டியிருந்தது. யாரும் யாரிடமும் எதையும் குறைத்துக் கேட்கவில்லை. ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனைக்குப் பிரபு அழைத்துப் போனான். தங்க முலாம் பூசிய கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்கு வெள்ளையடிக்க வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பெரிய மாதாகோயிலுக்கு அழைத்துப் போனான். உள்ளே விற்ற மெழுகுவத்தியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டார். எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வரும்போல இருந்தது. அப்பாவைத் தேற்ற வழி தெரியாமல் பிரபு அவரைச் சனிக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தைக்கு அழைத்துப் போனான்.

அங்கே போனதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு திடலில் கண்ணுக்கெட்டிய தூரம் பழசு. முள் இல்லாத கடிகாரங்கள், காது உடைந்த பீங்கான் கோப்பைகள், யாரோ ஒரு கிழவருடைய மூக்குக்கண்ணாடி, யாரோ ஒரு சிப்பாய் வாங்கிய பதக்கம், யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ, எந்தக் குழந்தை அழுது வாங்கிய பொம்மையோ, ஒரு காலத்தில் பத்தாயிருந்து இப்போது மூன்றான வெள்ளிக் கரண்டிகள். செத்துப்போனவர்களின் வீட்டை ஒழித்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பூதலூரில் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே தலை முழுகுகிற மனிதர், அங்கே எவருடைய தொப்பியையோ எடுத்துத் தலையில் வைத்து அளவு பார்த்தார். மலிவென்றால் தீட்டாவது, ஒன்றாவது!

“நீ அந்தக் காப்பிக் கடையிலயே நில்லு. ஒன் மொகத்துலயே ஈரோ தெரியுது. நீ கூட வந்தா வெலைய ஏத்திருவான்” என்று மகனை ஒதுக்கி நிறுத்தினார்.

நான்காவது வரிசையில், சால்வை போர்த்திய ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் விரிப்பில் அதைக் கண்டார். ஒரு சாண் உயரச் செம்பு. பித்தளையில் வெள்ளி முலாம், கனமான உடம்பு, இறுக்கமாகப் பொருந்தும் மூடி. கழுத்தைச் சுற்றி இலைகள் கோத்த வேலைப்பாடு. அசல் மாவிலைத் தோரணம். இரண்டு பக்கமும் தலைகீழாக ஒரு தீவட்டி. நடுவில் அந்த ஊர் எழுத்தில் ஒரு வரி; பெரிய கம்பெனிப் பெயராக இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு முட்டை வடிவச் சட்டம், உள்ளே ஒன்றும் எழுதாமல் வழவழவென்று. அதைப் பார்த்ததும் கோவிந்தராசுவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெயர் வெட்ட இடம்! சீர்ப் பாத்திரத்தில் கொடுப்பவன் பெயரை வெட்டுவது நம்மூருக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தாரே, வெள்ளைக்காரனும் மாமன் சீர் செய்கிறான்!

உடனே பேர முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். தோள் தொங்கியது. கண் பாதி மூடியது. மூடியை ஒற்றை விரலால் தடவி, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

கிழவி விலை சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, யாருக்கு என்று மெல்ல இங்கிலீஷில் கேட்டாள்.

“சிஸ்டர் டாட்டர்” என்றார். இரக்கம் வந்தால் இறங்குவாள் என்று தோன்றியது. “ஒன்லி டாட்டர். ட்வென்டி சிக்ஸ்.” இன்னொரு பெருமூச்சு.

கிழவியின் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஒரு விலை சொன்னாள்; கோவிந்தராசு தரையைப் பார்த்தார்; அவளே பாதியாக்கினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதிலும் பாதியாக்கினாள். காசை வாங்கியதும் நெற்றியையும் மார்பையும் தோள்களையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். முதல் போணிக் காசை நம்மூர்க் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போன்ற சடங்கு இது என்று அவர் புரிந்துகொண்டார். செம்பைக் கறுப்பு வெல்வெட் துணியில் சுற்றிக் கட்டினாள். கூடவே ஒரு வெள்ளை மெழுகுவத்தியையும் வைத்தாள். காசு வேண்டாம் என்று கை காட்டினாள். கொசுறு! கடைசியில் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். தன் நாற்பது வருஷப் பேர வாழ்க்கையில், தோற்ற வியாபாரி கையைப் பிடித்து அழுதது இதுவே முதல் முறை என்று கோவிந்தராசு பூரித்துப்போனார்.

பிரபு என்னவென்று கேட்டதற்கு, “சீர் சாமான், வழியில பிரிக்கக் கூடாது” என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அவன் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

ஊர் திரும்பிய பிறகு பூதலூர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரயில் நிலைய பெஞ்சில், உரக்கடையில், நடவு வயலின் வரப்பில், முடிவெட்டும் கடையில் பாதி தலையோடு என்று எங்கே ஆள் கிடைத்தாலும் வியன்னாக் கிழவி அழுத கதைதான். செம்பைக் காட்டமாட்டார். கல்யாணத்தன்று சபையில் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். மெழுகுவத்தியை மட்டும் காட்டி அதற்கு விலை கேட்பார்.

இந்தக் கதை ஜெயபாரதியின் காதுக்கும் வந்து சேர்ந்தது. “அண்ணே, பழசா அது?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“பழசுன்னு சொல்லாத. ஆன்டிக். ஒன் சம்பந்தி கடைய வித்தாலும் இது கெடைக்காது.”

“நான் கேட்டது கும்மோணத்துச் செம்புண்ணே.”

“கும்மோணத்துச் செம்ப கும்மோணத்துக்காரனுக்கே குடுக்கறதுக்கு நான் எதுக்கு?”

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கும்பகோணத்தில் ஒரு பட்டறைக்குப் பெயர் வெட்டப் போனார். ‘தாய்மாமன் பூதலூர் கோவிந்தராசு அன்பளிப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார்கள். கோவிந்தராசு யோசித்தார். தாய்மாமன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை அடித்தார். பூதலூர்க்காரர் என்பதும் தெரியும், அடித்தார். சபையில் தூக்கிக் கொடுக்கும்போது அன்பளிப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அதையும் அடித்தார். பெயரும் கல்யாணத் தேதியும் மட்டும் மிஞ்சின. சட்டத்துக்குள் அவை கச்சிதமாகப் பொருந்தியதைக் கண்டு, அளவெடுத்து வைத்தது போலிருக்கிறது என்று பட்டறைக்காரரே வியந்தார்.

முகூர்த்தத்தன்று காலையில் மாமன் சீர் மேளதாளத்தோடு கும்பகோணத்து மண்டபத்துக்குள் நுழைந்தது. பழத் தட்டு, பூத் தட்டு, பட்டுத் தட்டு எல்லாம் அளவாகவே இருந்தன. மிச்சம் பிடிக்கலாம் என்று தங்கையே சொல்லியிருந்தாளே. நடுத்தட்டில் செம்பு. உள்ளே மஞ்சள் தடவிய பச்சரிசி, கழுத்தில் மல்லிகைச் சரம். கோவிந்தராசு அதைத் தன் கையாலேயே சபை நடுவில் இறக்கி வைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மங்களாம்பிகை குனிந்து செம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். “நல்ல கனம்” என்றார். ஜெயபாரதிக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு வந்தது. கண் நிறைந்து அண்ணனைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும்.

மங்களாம்பிகைக்குப் பின்னால் அவருடைய மகள் கயல்விழி நின்றுகொண்டிருந்தாள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். தம்பி கல்யாணத்துக்காக லீவில் வந்தவள். செம்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மெதுவாகக் கோவிந்தராசுவின் பக்கத்தில் வந்தாள்.

“மாமா, இத உள்ள எடுத்து வச்சுடலாமா? ஒங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்.”

“உள்ள எதுக்கும்மா? சபையில வைக்கத்தானே சீரு! நீ ஜெர்மனியில இருக்க பொண்ணுதானே? ஒனக்குத் தெரியாம இருக்காது. என்ன வெல இருக்கும், சொல்லு பாப்போம்?”

“மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. வெலய விடுங்க.”

வெலய விடுவதா! கோவிந்தராசு மேளக்காரரைக் கையமர்த்தினார். தவில் நின்றது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க. நான் சொன்னா பீத்திக்கிறேம்பீங்க. அந்த ஊரு பாஷ படிச்ச பொண்ணு சொல்லட்டும். இதுல எழுதியிருக்கறத சத்தமா படிச்சு, அர்த்தத்தையும் சொல்லும்மா.”

“வேணாம் மாமா.”

“அட, சும்மா படி! என்ன கூச்சம்?”

கயல்விழி ஜெயபாரதியைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

“‘நிம்மதியாத் தூங்குங்க’ன்னு எழுதியிருக்கு மாமா” என்றாள். மண்டபம் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. “இது சீர் செம்பு இல்ல. செத்தவங்கள எரிச்ச பெறகு சாம்பலப் போட்டு மூடி வைக்கிற சாமான். நான் வேல பாக்கற எடத்துல அடிக்கடி பாக்கறதுதான். இது இன்னும் யாருக்கும் ஆகாத புதுசு. கீழ இருக்கற சட்டம், எறந்தவங்க பேரும் தேதியும் போடறதுக்கு.”

எல்லோரும் சட்டத்தைப் பார்த்தார்கள். கோவிந்தராசு. கீழே அன்றைய தேதி. உள்ளே அரிசி.

நாயனக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடினாள். இப்போது கோவிந்தராசுவின் முகத்தில் இருந்த துக்கம் பேரத்துக்கானதல்ல. கிழவி ஏன் அழுதாள், ஏன் பாதியாக்கினாள், எதற்காகக் கறுப்புத் துணி, எதற்காக மெழுகுவத்தி என்பதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கும் தங்கை மகளையே சாகடித்து அவர் விலையைக் குறைத்திருந்தார்.

மங்களாம்பிகை கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “கயலு, கடைக்கிப் போன் போடு” என்றார். “நல்ல செம்பா ஒண்ணு எடுத்தாரச் சொல்லு. முகூர்த்தத்துக்கு இன்னும் அர மணி இருக்கு. மாமன் சீர்த் தட்டு காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

பத்து நிமிஷத்தில் செம்பு வந்தது. அடியில் சம்பந்தி கடையின் முத்திரை. மாப்பிள்ளை வீட்டுச் செம்பையே மாமன் சீர் என்று பெண்ணின் தாய் இரண்டு கைகளாலும் வாங்கித் தட்டில் வைத்தாள். அப்படி ஒரு சீர் அந்த மண்டபத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. மணக்கோலத்தில் இருந்த வானதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை வைத்துவிட்டு ஜெயபாரதி அண்ணனிடம் வந்தாள். அழவில்லை.

“அண்ணே, அத என்ன வெலைக்கி வாங்குனீங்க?”

ஊரையெல்லாம் நிறுத்தி நிறுத்தி இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்க வைக்க அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்! இதோ, சொந்தத் தங்கை தானாக வந்து கேட்கிறாள். அவருக்கு வாய் வரவில்லை.

“சொல்லுங்கண்ணே. எங்க மானம் என்ன வெலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்கறேன்.”

மேளம் ஆரம்பித்தது. அவள் மகளிடம் போய்விட்டாள். தாலி கட்டும்போது கோவிந்தராசு தூணுக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டார். அந்த வீட்டுக்கு அவர் போவதும் நின்றது, அவள் அழைப்பதும் நின்றது.

செம்பை அழித்துவிடலாம் என்றுதான் பழைய பித்தளைக்காரரிடம் கொண்டுபோனார். கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது; பெயரையும் தேதியையும் படித்துவிட்டு, தொடமாட்டேன் என்றார். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தவரைப் பார்த்து, நாற்பது வருஷம் அடிமூட்டைக் காப்பி குடித்த அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார்: “பரண்ல போடுங்க. என்னிக்காவது ஒங்களுக்கே ஆவும். தனியா வாங்க வேணாம், மிச்சந்தானே!”

இதோடு விட்டுவிடலாம். கோவிந்தராசுவைப் பார்த்துச் சிரித்தீர்கள், ஜெயபாரதிக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டீர்கள். நல்ல மனசுதான் உங்களுக்கு. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். கிழவி முதலில் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கினாள் என்று படித்த இடத்திலிருந்து உங்களுக்கு ஒரு குறுகுறுப்பு இருக்கிறதல்லவா? இத்தனை சொன்னவன் அந்தச் செம்பின் விலையை மட்டும் கடைசிவரை சொல்லாமல் விட்டுவிட்டானே என்று, சபையில் ஜெயபாரதி தலைகுனிந்து நின்றபோதும் மனசின் ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்ததல்லவா? சொல்லப்போவதில்லை. எழுந்து போய் உங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள். அந்தக் கண்ணாடியை எவ்வளவு மலிவாக வாங்கினீர்கள் என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் வந்து கேட்காதீர்கள்.